நான் எழுதி இடித்த பாலம்

ஒன்றிய அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். "உங்க சாதனை ஒண்ணை எழுதுங்க சார்" என்றார்கள். இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. என் மனைவியிடம் கேட்டேன். அவளும் இரண்டு நாள் யோசித்தாள். ஆகவே ஒரு தவறைப் பற்றி எழுதுகிறேன். அந்தச் சரக்கு என்னிடம் தாராளமாக உண்டு.

என் கடைசி மூன்று வருடங்களைத் தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்கே, கரிசல் காட்டில், வட்டார வளர்ச்சி அலுவலராகக் கழித்தேன். எந்த ஒன்றியம் என்று சொல்லமாட்டேன். இப்போது அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள். நான் போனபோது அங்கே மிளகாயும் உளுந்தும் வெயிலும் மட்டும்தான் விளைந்தன. பிறகு காற்றும் விளைச்சல்தான் என்று ஒரு கம்பெனி கண்டுபிடித்தது. வாகைநேரி என்ற ஊரைச் சுற்றிப் பெரிய காற்றாலைகள் நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள்.

காற்றாலை என்றால் மேலே இருப்பவர்கள் மெகாவாட்டில் பேசுவார்கள். நாம் அப்படிப் பேச முடியாது. கல்யாணம் யார் வீட்டிலாவது நடக்கட்டும், மண்டபத்துக்காரனின் கவலை தண்ணீரும் எச்சில் இலையும்தானே. அதுபோல ஒரு காற்றாலை வந்தால் நம் சாலை, நம் குடிநீர்க் குழாய், நம் தெருவிளக்குக் கம்பம், நம் ஓடை ஆகியவற்றின் மேல்தான் அது ஏறி வரும். மின்சாரம் நாட்டுக்குப் போகும், பள்ளம் ஊரில் தங்கும். காற்றாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அவை பிடிக்கும், இப்போதும் பஸ்ஸில் போகும்போது எண்ணிக்கொண்டுதான் போகிறேன். ஆனால் அழைத்த அன்றைக்கே பாத்திரம் கழுவுகிறவன் யார் என்று பேசிக்கொள்ள வேண்டும். நான் பேசவில்லை. எனக்குப் பொன்னாடை போட்டார்கள்.

பெரிய பொன்னாடை. மனசாட்சி இருக்கும் இடத்தை முழுசாக மூடுகிற அகலம். அது தோளிலிருந்து நழுவுவதற்குள் இரண்டு காகிதங்களில் கையெழுத்துப் போட்டேன். ஒன்று, நம் சாலை வழியாகக் கம்பெனி வண்டிகள் போவதற்குத் தடையில்லை என்ற சான்று. இன்னொன்று, அந்தச் சாலை எந்த நிலையில் இருக்கிறது என்ற விவரம். என் தலை மாட்டியது இரண்டாவது காகிதத்தில்.

அது புரிய வேண்டுமானால் நம் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை, பழுது பார்க்க வேண்டிய சாலைகளின் பட்டியலை நம்மிடம் கேட்பார்கள். "சாலை நன்றாக இருக்கிறது" என்று எழுதினால் அந்தச் சாலைக்குப் பத்து வருடம் ஒரு சட்டி தார்கூட வராது. ஆகவே எல்லாச் சாலைக்கும் சீக்கு என்று எழுதுவோம். எங்கள் ஒன்றியத்தில் காகிதத்தின்படி ஒரு சாலைகூட எழுந்து உட்காரும் நிலையில் இல்லை. போட்டு நாலு மாதமே ஆன ஒரு தார்ச்சாலையை "பல்லாண்டுகளாகப் பராமரிப்பின்றி" என்று எழுதி அனுப்பியதும் உண்டு. மேலே யாரும் கேட்கவில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்களும் இங்கிருந்து போனவர்கள்தானே.

மற்ற அலுவலர்கள் "பழுதடைந்துள்ளது" என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். நான் நாசரேத்தில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. கட்டுரைப் போட்டிகளில் எவர்சில்வர் டம்ளர்களாக வாங்கிக் குவித்தவன். என்னால் அப்படிச் சுருக்க முடியாது. வாகைநேரிச் சாலைக்கு அந்த வருடம் நான் எழுதியது இது: "மேற்படி சாலையில் ஓடையின் குறுக்கே உள்ள சிறுபாலம் எந்நேரமும் இடிந்து விழும் நிலையில் உள்ளதால், மாணவ மாணவியர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்து செல்கின்றனர்." நான் இதை எழுதிய காலத்தில் அந்தப் பாலத்தின் கைப்பிடிச்சுவரில் ஊர்க்காரர்கள் நாலு பேர் சம்மணம் போட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பாலம் இரும்பாக நின்றது.

சாலையின் நிலை என்ன என்று கம்பெனி கேட்டபோது, யாரும் போய்ப் பார்க்கவில்லை. கோப்பில் கடைசியாக இருந்த கடிதத்தை நகலெடுத்து இணைத்துவிட்டோம். நான் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. படித்தேன். நடையை ரசித்தேன்.

துறைமுகத்திலிருந்து முதல் இறக்கை வந்த காலையில் வாகைநேரியே சாலையோரம் நின்றது. நானும் போயிருந்தேன். ட்ரெய்லரின் தலை ஊரைத் தாண்டியபோது வால் இன்னும் டீக்கடைப் பக்கம் இருந்தது. டீக்கடைக்காரர் கும்பிட்டார். ஆனால் இறக்கை கனமில்லை. அதன் பின்னால் வந்த கோபுரத் துண்டுகளும், உச்சியில் உட்காரும் எந்திரப் பெட்டியும்தான் கனம். பத்து நாள் அவை அந்தச் சிறுபாலத்தின் மேல் போயின.

பதினோராவது நாள் வாகைநேரி ஊராட்சித் தலைவர் பொன்னுத்தாய் போன் செய்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பார். இரண்டு ஏக்கரில் மிளகாய் போட்டு, மிச்ச நேரத்தில் ஊராட்சியையும் எங்களையும் மேய்த்துக்கொண்டிருந்தார்.

"சார், பஸ்காரவ பாலத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்திட்டுத் திரும்பிட்டாவ. டிரைவரு எறங்கிப் பாத்தாரு. இனிமே வரமாட்டேன்னுட்டாரு. நீங்க இங்கன வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். கைப்பிடிச்சுவர் ஒரு பக்கம் ஓடைக்குள் கிடந்தது. நடுவே ஒரு விரிசல், என் கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போனது. கையை வெளியே எடுத்துவிட்டு, பொறியாளர் மாதிரி தலையை ஆட்டினேன்.

"தலைய ஆட்டுதது இருக்கட்டும் சார்" என்றார் பொன்னுத்தாய். "இது புரட்டாசி. ஐப்பசியில ஓடையில வெள்ளம் எறங்குச்சுன்னா மிச்சமும் போயிரும், ஊரு துண்டாயிரும். விளாத்திகுளத்துக்குப் படிக்கப் போற பொம்பளப் பிள்ளைய பதினாலு பேரு இருக்காளுவ. பஸ் இல்லன்னா மெயின் ரோட்டுக்கு ரெண்டு மைலு நடக்கணும். இப்பவே ரெண்டு வீட்ல, படிச்சது போதும், மிளகாய் பெறக்க வான்னு சொல்லியாச்சு. நான் போயி மழைக்கு முன்னால பஸ் வரும்னு சொல்லிட்டு வந்திருக்கேன். எனக்கு வாக்குப் பொய்யாகக் கூடாது."

அன்று மாலையே கம்பெனிக்கு எழுதினேன். மறுபடியும் டம்ளர் வாங்கும் நடைதான். "உறுதியாகவும் நல்ல நிலையிலும் இருந்த எங்கள் சிறுபாலத்தைத் தங்கள் கனரக வாகனங்கள் நிர்மூலமாக்கிவிட்டன" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். மூன்றாம் நாள் கம்பெனியின் தொடர்பு அலுவலர் பேச வந்தார். பெயர் இசக்கிமுத்து. ஏரல் பக்கம் நெல்லு விவசாயக் குடும்பம். முப்பது வயது, சிரித்த முகம், கையில் ஒரு நீலக் கோப்பு. நீலக் கோப்பைப் பார்த்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

என் அறையில் நான், பொன்னுத்தாய், எங்கள் அலுவலக மேலாளர், இசக்கிமுத்து. நான் மேசையைத் தட்டித் தட்டிப் பேசி முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"கோவப்படாதிய சார். இது நீங்க குடுத்ததுதான். வண்டி போறதுக்கு முன்னாடியே குடுத்தது."

"எந்நேரமும் இடிந்து விழும் நிலையில்." அடியில் என் கையெழுத்து. என் கையெழுத்தும் அழகாகத்தான் இருக்கும்.

"ஏற்கனவே இடிஞ்சிட்டு இருந்த பாலத்த நாங்க எப்படி சார் இடிச்சோம்னு எழுதுதிய?" என்றார் இசக்கிமுத்து. குரலில் கேலி இல்லை. அதனால் இன்னும் வலித்தது.

ஐந்து நிமிடம் டீ குடிக்கலாம் என்று சொல்லி எழுந்தேன். நம் துறையில் டீ அதற்காகத்தான். வராந்தாவில் மேலாளர் என் காதருகே வந்தார். விசுவாசமான மனிதர், என்னைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே எண்ணம்.

"சார், நடுவுல நாமளே அந்தப் பாலத்த ரிப்பேர் பாத்துட்டதா அளவுப் புத்தகத்துல ஒரு பக்கம் ஏத்திருவோம். போன மாசி மாசத் தேதி. நல்லா ஆன பாலத்தத்தான் அவன் ஒடச்சான்னு ஆயிரும். பழைய பேனா ஒண்ணு வச்சிருக்கேன்."

தம்பிகளே, இந்த இடத்தில்தான் நான் உங்களோடு கொஞ்ச நேரம் நிற்க விரும்புகிறேன். இந்த யோசனை உங்களுக்கும் வரும். எதிரி கொண்டுவரமாட்டான், உங்கள் மேல் பிரியம் உள்ளவர்தான் டீயோடு சேர்த்துக் கொண்டுவருவார். நான் நேர்மையால் மறுத்தேன் என்று எழுத ஆசைதான். கணக்குப் போட்டுத்தான் மறுத்தேன். முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது, அதைக் காப்பாற்ற மூன்றாவது. எனக்கு ஓய்வுக்குப் பதினாலு மாதம் இருந்தது. சர்க்கரை மாத்திரை போட்டேனா என்பதே நினைவில் நிற்காதவன், இத்தனை பொய்களைத் தேதிவாரியாக எங்கே வைத்துக்கொள்வது? "பேனாவப் பத்திரமா வச்சிக்கிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே பொன்னுத்தாய் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்து எழுத்துக்கூட்டாமல் சரளமாகப் படித்துக்கொண்டிருந்தார். முடித்ததும் என்னைப் பார்த்தார்.

"எங்கூரு கஷ்டத்த இம்புட்டு அழகா எழுதிருக்கியளே சார். இது மெய்யா, பொய்யா?"

மெய் என்று சொன்னால், இடியப்போகும் பாலத்தில் இத்தனை கனத்தை ஏற்ற நான் ஏன் அனுமதி கொடுத்தேன்? பொய் என்று சொன்னால், அரசாங்கத்துக்குப் பொய் எழுதியவன் நான். இரண்டு பக்கமும் ஓடைதான். நடுவில் பாலமும் இல்லை.

"பொய்தாம்மா" என்றேன். "பாலம் நல்லாத்தான் இருந்துச்சு. பணம் வாங்குததுக்காக வருஷா வருஷம் அப்படி எழுதுவோம்."

மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். இசக்கிமுத்து கோப்பைக் கட்ட ஆரம்பித்தார். வேலை முடிந்தது என்ற நினைப்பு. பொன்னுத்தாய் அவர் பக்கம் திரும்பினார்.

"இருங்க தம்பி. சார் பொய் எழுதினாவ, ஒத்துக்கிட்டாவ. அது அவிய பாடு. நீங்க இந்தக் கடிதத்த மெய்யின்னு நம்புனியளா, நம்பலையா?"

"கவர்மெண்டு கடிதம்லா அக்கா. நம்பத்தானே செய்யணும்."

"அப்படின்னா பாலம் இடியப்போகுது, பிள்ளைய உயிரக் கையில பிடிச்சிட்டுப் போகுதுன்னு எழுத்துல வாங்கிக் கோப்புல வச்சிக்கிட்டு, அதுக்கு மேலயா அத்தன பெரிய வண்டிய ஏத்துனிய? பிள்ளைய போற நேரமாப் பாத்து?"

இசக்கிமுத்துவின் கை கோப்பின் நாடாவில் அப்படியே நின்றது. முப்பது வருடத்துக்கு மேல் கோப்புகளோடு குடும்பம் நடத்திய எனக்கு, அந்தத் தாளுக்கு அப்படி ஒரு பின்பக்கம் இருப்பது தெரியவில்லை. அதே கடிதம்தான். ஒரு நிமிடத்துக்கு முன்பு அவர்கள் கையில் கேடயமாக இருந்தது, இப்போது அவர்கள் கழுத்தில் கிடந்தது.

நாடாவை விட்டுவிட்டு இசக்கிமுத்து, "அக்கா, நான் கீழ உள்ளவன். கனத்த இரும்புத் தகடு போட்டுத் தாறோம். இப்பவே சொல்ல முடியும். பஸ் போகும்" என்றார்.

"எத்தன நாளைக்கு?"

"எங்க வண்டி முடியுற வரைக்கும்."

"உங்க கடைசி இறக்கை போனதும் தகடும் கூடப் போயிரும். தகட்டுல எங்க பிள்ளைய பத்தாவது முடிப்பாளுவளா? புதுப் பாலம் வேணும் தம்பி. மழைக்கு முன்னால."

அது தன் கையில் இல்லை, தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்று அவர் போய்விட்டார். ஊருக்குள் செய்தி பரவியதும், அடுத்த ட்ரெய்லரை மறிப்பது என்று இளவட்டங்கள் கல் தூக்கிப் போட்டுத் தயாரானார்கள். பொன்னுத்தாய்தான் நிறுத்தினார். "ஏலே, மறியல் பண்ணுனா போலீஸ் வரும், பேச்சுவார்த்தை வரும், மழையும் வரும். பாலம் மட்டும் வராது. கல்ல ஓரத்துல போடுங்க."

என் பங்குக்கு நான் ஓர் உத்தரவு எழுதினேன். என் வாழ்க்கையிலேயே குட்டையான உத்தரவு. "இச்சிறுபாலம் பயணிகள் பேருந்துக்கே தகுதியற்றது என நேரில் காணப்பட்டதால், பேருந்தைவிட எடை கூடிய எந்த வாகனமும் இதன் மேல் செல்லக் கூடாது." மாணவர் இல்லை, உயிர் இல்லை, கை இல்லை. பழைய கடிதம் உண்மைக்கு மாறானது என்று மாவட்டத்துக்கும் தனியே எழுதிவிட்டேன். இதை எழுத இரண்டு டீ ஆனது.

உத்தரவைத் தபாலில் அனுப்பாமல் நானே எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனேன். துறைமுகச் சாலையோரம் மிச்ச இறக்கைகளோடு ட்ரெய்லர்கள் வரிசையாக நின்றன. உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் மிதப்புதான். ஒரே வரியில் இவ்வளவு நீளமான வண்டிகளை நிறுத்தியவன் மாவட்டத்தில் யார் இருக்கிறார்கள்?

இறக்கைகளின் நிழலில் ஓட்டுநர்கள் அடுப்பு மூட்டியிருந்தார்கள். திரேஸ்புரத்திலிருந்து மீன் விற்க வந்த ஒரு அம்மா கூடையை இறக்கி வைத்து, "சாளை வாங்க இம்புட்டு யோசனையா? இவ்வளவு பெரிய வண்டி ஓட்டுதியளே" என்று அவர்களை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். வரிசையில் முதல் வண்டியின் ஓட்டுநர் நாமக்கல்காரர், நரைத்த மீசை. இசக்கிமுத்து வரும்வரை என்னை ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்தார். நான் யார் என்று சொன்னேன்.

"அந்த ஓடைப் பாலத்து ஆபீசருங்களா? நாங்க போற தடத்துல எல்லாப் பாலத்துக்கும் அடியில எறங்கிப் பாத்துட்டுத்தானுங்க வண்டிய விடுவோம். மேல பாத்தா ஒண்ணுந் தெரியாதுங்க. உங்க பாலத்துக்கும் எறங்கினேன். பஸ்ஸு, லாரி எல்லாம் நல்லாத் தாங்கும், எந்திரப் பெட்டி தாங்காது, முட்டுக் குடுத்துட்டு ஓட்டலாம்னு சொன்னேனுங்க."

"சொன்னீங்களா? அப்புறம்?"

"முட்டுக் குடுக்க நாலு நாளாகும். அது ஏற்கனவே ஒடஞ்ச பாலம்தான், ஆபீஸுலயே எழுதிக் குடுத்துட்டாங்க, சும்மா ஓட்டுன்னுட்டாங்க." அடுப்பில் விறகைத் தள்ளி விட்டார். "நானும் படிச்சவங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு ஓட்டிட்டேனுங்க."

மிதப்பெல்லாம் அந்த டின்னுக்கு அடியில் போனது. அதுவரை என் கடிதத்தால் நியாயம் கேட்க முடியாமல் போனது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. பாலம் உடைந்ததே அதனால்தான். நன்றாக இருக்கிறது என்று உள்ளதை எழுதியிருந்தால் நாலு நாள் செலவழித்து முட்டுக் கொடுத்திருப்பார்கள். செத்ததாக எழுதிக் கொடுத்த பாலத்துக்கு யார் வைத்தியம் பார்ப்பார்கள்? அந்த ஓட்டுநரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. பணியில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான பயிற்சி அவர் கொடுத்ததுதான். பாலத்தை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

இசக்கிமுத்து வந்தார், உத்தரவைப் படித்தார், முகம் சுருங்கியது. வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் அவர் தலையில் விழும். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஒருவர் ஆங்கிலத்தில் கொதிப்பது எனக்கே கேட்டது. ஒரு சின்ன ஒன்றிய அலுவலரைச் சமாளிக்கத் தெரியாதா, அவர் எழுதிய கடிதத்தை வைத்தே மேலே புகார் கொடு என்பது சாரம். அதில் தப்பில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இசக்கிமுத்து என்னைப் பார்த்தார், வண்டிகளைப் பார்த்தார். பிறகு நடந்துகொண்டே பேசினார். தன் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: "அந்தக் கடிதம் நம் கோப்பில்தான் சார் இருக்கிறது. இடியும் என்று தெரிந்தே நாம் ஓட்டினோம் என்றும் அதே கடிதம் சொல்கிறது. நம் டிரைவரும் எச்சரித்திருக்கிறார். மழையில் அந்த ஓடையில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால், முதலில் நம் கோப்பைத்தான் எடுப்பார்கள்." சாயங்காலம் சொல்வதாக அந்தப் பக்கத்தவர் சொன்னார்.

போனை வைத்துவிட்டு என்னருகே வந்தவர், "எனக்கும் மேல ஆளு இருக்காவ சார். வேல இருக்கா போச்சான்னு சாயங்காலம் தெரியும்" என்றார். சாளை விற்ற அம்மா, என்ன ஏதென்று தெரியாமலே, "முகத்தத் தொங்கப் போடாதிய தம்பி, சாளை கொண்டு போறியளா?" என்றார். அரைக் கிலோ வாங்கிக்கொண்டார்.

வேலை போகவில்லை. புதுப் பாலம் கட்டித் தரத் தலைமை அலுவலகம் சம்மதித்தது. மறுநாள் நானும் பொன்னுத்தாயும் இசக்கிமுத்துவும் உட்கார்ந்து பேசினோம். ட்ரெய்லர்கள் ஓடைக்குள் இறங்கிப் போக ஒரு மாற்றுப்பாதை வேண்டும் என்றது கம்பெனி. ஓடையில் இறங்க ஊராட்சித் தீர்மானம் வேண்டும், அது பொன்னுத்தாயிடம் இருந்தது. புதுப் பாலத்துக்காக வார்த்துக் கொண்டுவரும் கான்கிரீட் பெட்டிகள் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் ட்ரெய்லர் ஓடையில் இறங்கும், கடைசி வண்டி போனதும் பாதைக்காகக் கொட்டிய சரளை முழுவதையும் அள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் ஊருக்குள் ஏறும் என்று அவர் எழுதச் சொன்னார். எழுதினோம். குடிநீர்க் குழாய் உடைந்த மூன்று இடங்களையும் அதிலேயே சேர்த்தார். எனக்கு அந்த மூன்று இடங்களும் தெரியாது. இனி எந்தச் சாலையில் வண்டி விட்டாலும், கம்பெனி ஆள், தலைவர், நம் பொறியாளர் மூவரும் முதலில் நடந்து பார்த்து, படமெடுத்து, ஒரே தாளில் கையெழுத்துப் போடுவது என்றும் முடிவானது. சரிசெய்வதற்கான பணத்தை முன்கூட்டியே வைப்பாகக் கட்டுவது என்றும்.

நீங்கள் இந்தக் கட்டுரையை வேகமாகப் புரட்டுகிறவர்களாக இருந்தால், மேலே உள்ள பத்தியை மட்டுமாவது நகலெடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நம் பழக்கப்படி கோப்பில் இணைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். நடந்து போங்கள். கால் வலிக்கும், வலிக்கட்டும்.

எனக்கு ஒழுங்கு நடவடிக்கை விதி 17(அ)-இன் கீழ் குறிப்பாணை வந்தது. பொய்யான விவரம் அளித்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். விளக்கம் கொடுத்தேன், கண்டிப்போடு விட்டார்கள். அதைக் கொண்டுவந்து கொடுத்த தம்பி துக்க வீட்டுக்கு வந்தவர் போல நின்றார். என் மனைவிதான், "இத்தன வருஷத்துல உங்களுக்கு வந்த கடிதத்துலேயே நியாயமான கடிதம் இதுதான்" என்றாள்.

பாலத்துக்கான கான்கிரீட் பெட்டிகள் வந்து இறங்கின. வேலை நடந்த மூன்று வாரமும் பொன்னுத்தாய் வானத்தைப் பார்ப்பதும் கிரேனைப் பார்ப்பதுமாக நின்றார். இடையில் ஒரு தூறல் விழுந்தது. நான் தார்ப்பாய் தேடி ஓடினேன், அவர் கண்டுகொள்ளவில்லை. "இது மழையில்ல சார், விசாரிக்க வந்திருக்கு" என்றார். படிப்பை நிறுத்தச் சொன்ன இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் அந்த நாட்களில் அவரே தன் ஸ்கூட்டரில் மெயின் ரோடு வரைக்கும் கொண்டு விட்டார்.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் காலை. பாலம் தயார். பொறியாளரோடு நானும் ஓடைக்குள் இறங்கி, அடியிலிருந்து பார்த்து, தட்டிப் பார்த்து, வேட்டியெல்லாம் சகதியாகி, பேருந்து செல்லத் தகுதியானது என்று சான்று கொடுத்திருந்தேன். பஸ் வந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. இந்தப் பக்கம் பதினாலு பிள்ளைகள் சீருடையில், பொன்னுத்தாய், அரை ஊர். இசக்கிமுத்துவும் வந்திருந்தார்.

முன்பு வரமாட்டேன் என்ற அதே ஓட்டுநர் இறங்கினார். பாலத்தில் நடந்து வந்தார். நான் சான்றை நீட்டினேன். அதைப் படிக்காமலே மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"பேப்பர் இருக்கட்டும் சார். போன பாலத்துக்கும் உங்ககிட்ட ஒரு பேப்பர் இருந்துச்சாமே. கையெழுத்துப் போட்டவுக ஏறுங்க. ஒத்த ஆளா உங்கள ஏத்திக்கிட்டு ஒரு தடவ ஓட்டுதேன். பெறவு பிள்ளைகள ஏத்துவோம்."

ஊர் சிரித்தது. இசக்கிமுத்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். நான் பாலத்தைக் கடந்து போய், காலி பஸ்ஸில், நடு இருக்கையில், ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நடத்துநர் வந்து டிக்கெட் கேட்டார். பத்து ரூபாய் கொடுத்தேன், சில்லறை இல்லை என்றார்.

பஸ் நகர்ந்தது. பொன்னாடை போட்ட அன்று யோசிக்காமல் போட்ட கையெழுத்தெல்லாம் நினைவுக்கு வந்தது. அவற்றில் எதன் மேலாவது என்னை உட்கார வைத்து ஓட்டியிருந்தால் ஜன்னல் வழியாகக் குதித்திருப்பேன். இன்று கம்பியைக்கூடப் பிடிக்கவில்லை. கீழே எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சக்கரம் ஏறியது, இறங்கியது. ஒரு குலுங்கல்கூட இல்லை.

இந்தப் பக்கம் வந்து நின்றதும் பொன்னுத்தாய் படியருகே வந்து என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு பின்னால் திரும்பினார்.

"ஏளா, ஏறுங்க. பாலமும் நிக்கி, சாரும் முழுசா இருக்காவ."